ஃபேமிலி ரூம்

மெட்ராஸின் பழைய ஓட்டல்களில் கல்லாவைத் தாண்டி உள்ளே நடந்தால், கை கழுவும் இடத்துக்கு முன்பாக ஒரு மூலை வரும். ஆள் உயரத்துக்குப் பலகைத் தடுப்பு, நடுவில் கம்பியில் கோத்த திரைச்சீலை. துணி எந்த நிறத்தில் வாழ்க்கையைத் தொடங்கியிருந்தாலும், கை பிடித்து ஒதுக்குகிற இடத்தில் மட்டும் எண்ணெய்க் கறுப்பு ஏறியிருக்கும். மேலே 'ஃபேமிலி ரூம்' என்று ஒரு பலகை. அப்பா திரையை ஒதுக்கிப் பிடிக்க, பாட்டியும் அம்மாவும் பிள்ளைகளும் உள்ளே போவார்கள். சப்ளையர் வெளியே நின்று லேசாகத் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் தலையை நீட்டுவார். வெளி மேசைகளில் முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் இடித்தபடி சாப்பிட்டுக்கொண்டிருக்க, இந்த மூலையில் மட்டும் ஒரு வீடு அரை மணி நேரத்துக்குக் குடியேறியிருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஓட்டல் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருக்கிற இன்றைய குடும்பங்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் சென்னைக் குடும்பம் ஓட்டலுக்குள் கால் வைக்கவே கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு பிடித்தது. வைத்தபோதும் திரை இல்லாமல் வைக்கவில்லை.

தொடக்கத்தில் ஓட்டல் என்பது வீடு வாய்க்காதவனின் இடம். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் இருந்த 'காப்பி கிளப்'புகளுக்கு வந்தவர்கள் யார்? வெளியூரிலிருந்து படிக்க வந்த மாணவர்கள், தனியறையில் தங்கியிருந்த குமாஸ்தாக்கள், ஹைகோர்ட்டில் வழக்கு நடத்த வந்து வாய்தாவுக்கு வாய்தா காத்துக் கிடந்த மிராசுதார்கள். 'ஓட்டல்ல சாப்பிடறான்' என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால் அதில் பொறாமை இருக்காது, இரக்கம்தான் இருக்கும். சீக்கிரம் ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டி வைக்க வேண்டும் என்பது அதன் உட்பொருள். கௌரவமான வீட்டுப் பெண்கள் அங்கே போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. காப்பி தமிழ்நாட்டுக்குள் வந்து நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக உட்கார்ந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் எழுதியிருக்கிறார். அந்தக் காப்பியோடு கூடவே வந்தது காப்பி கிளப். அதோடு கூடவே வந்தது சாதி.

இதைத் தாண்டிக் குதித்துவிட்டு நெய் ரோஸ்ட்டுக்குப் போக முடியாது. யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான் அந்த நாளில் ஓட்டலின் முதல் கேள்வி. ருசியெல்லாம் அதற்கு அப்புறம். பெயர்ப் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் இருந்தது. சமைப்பவர் யார் என்பதற்கான உத்தரவாதமாக அதைச் சிலர் படித்தார்கள். உள்ளே யார் உட்காரலாம் என்பதற்கான எச்சரிக்கையாக மற்றவர்கள் படிக்க வேண்டியிருந்தது. பல இடங்களில் பிராமணர்களுக்குத் தனி அறை, மற்றவர்களுக்கு வேறு அறை. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வாசற்படியே எல்லை. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில்கூட இந்தப் பிரிவினை இருந்தது. பெரியாரும் அவருடைய இயக்கத்தாரும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941இல்தான் அது எடுக்கப்பட்டது. கடைகளுக்குள்ளும் உணவு விடுதிகளுக்குள்ளும் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று இந்திய அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ஓட்டலுக்கு இடம் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், பிரச்சினை எவ்வளவு ஆழத்தில் இருந்திருக்கும்!

சட்டம் வந்த பிறகும் பலகைகள் தொங்கிக்கொண்டிருந்தன. 1957 மே மாதம் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் முன்னால் திராவிடர் கழகத்தார் மறியலில் இறங்கினார்கள். கோரிக்கை ஒன்றுதான்: பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு குழு வந்து மறித்தது, கைதானது. மறுநாள் அடுத்த குழு. மாதக்கணக்கில் நீண்ட அந்தப் போராட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் சிறை போனார்கள். கடைசியில் சொல் இறங்கியது. இட்லியும் காப்பியும் விற்கிற ஒரு கடையின் பெயர்ப் பலகைக்காக ஜெயிலுக்குப் போனவர்கள் என்று இன்று கேட்டால் விசித்திரமாகப் படும். 'குடும்பத்தோடு வெளியில் சாப்பிடப் போகலாம்' என்ற வாக்கியத்தை எல்லாக் குடும்பங்களும் சொல்லும்படி ஆக்கியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

இதே காலத்தில் இன்னொரு பக்கம் ஓட்டலின் முகமே மாறிக்கொண்டிருந்தது. மாற்றியவர்கள் உடுப்பிக்காரர்கள். உடுப்பிப் பக்கத்திலிருந்து சிறுவயதில் பிழைப்புக்கு வந்து, ஓட்டல் அடுக்களையில் எடுபிடி வேலை பார்த்து, பிறகு ஜார்ஜ் டவுனின் ஆச்சாரப்பன் தெருவில் சொந்தமாகக் கடை நடத்தியவர் கே. கிருஷ்ணராவ். மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 1938இல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ஜமீனுக்குச் சொந்தமான ஒரு பெரிய மாளிகையை எடுத்து, 'வுட்லண்ட்ஸ்' என்று ஓட்டல் தொடங்கினார். சுற்றிலும் மரங்கள், உள்ளே தங்கும் அறைகள், சைவச் சாப்பாடு. 1952இல் மயிலாப்பூரில், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ வுட்லண்ட்ஸ் வந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தாசப்பிரகாஷ். மைசூரில் தொழில் தொடங்கிய சீதாராமராவின் கட்டடம் அது. ஐஸ்கிரீமுக்கென்றே அங்கே போனவர்கள் உண்டு.

இந்த ஓட்டல்கள் செய்த முக்கியமான காரியம் சாம்பாரில் இல்லை. தங்கும் அறையும் கல்யாணக் கூடமும் இருந்ததால், பெண்கள் அங்கே வருவதற்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்தது. கல்யாணத்துக்கு வந்த அத்தை, கோயில் குளம் பார்க்க வந்த தம்பதி, டாக்டரிடம் காட்ட வந்த மாமியார் என்று குடும்பம் முதலில் விருந்தாளியாகத்தான் ஓட்டலுக்குள் நுழைந்தது. உள்ளூர்க்காரர்கள் சும்மா, பசிக்காக மட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்காரும் துணிச்சல் அதற்குப் பிறகு வந்தது.

அதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. போனது சாப்பாட்டுக்கு அல்ல, டிபனுக்கு. ஆசாரமான வீடுகளில் சாதம் 'பத்து', தீட்டுப் பார்க்க வேண்டிய பண்டம். அதை வெளியில், யாரோ வடித்து, யாரோ பரிமாறிச் சாப்பிடுவது பெரிய மீறல். தோசையும் வடையும் அந்தக் கணக்கில் அவ்வளவு கடுமையாகச் சேரவில்லை. 'சாதம் வீட்டில், டிபன் வெளியில்' என்று மனம் ஒரு சமரசம் செய்துகொண்டது. ஆசாரம் பார்க்காத வீடுகளும் இந்தப் பழக்கத்தையே பிடித்துக்கொண்டன, ஏனென்றால் அது மலிவு. நகரத்தின் ஓட்டல் பெருமை முழுக்க மாலை டிபனின் மேல் எழுந்து நிற்பதற்கு இதுவே காரணம் என்று தோன்றுகிறது. திருவல்லிக்கேணியில் 1948இல் தொடங்கிய ரத்னா கஃபேயின் சாம்பார் இட்லிக்காகக் கடற்கரையிலிருந்து நடந்து வந்த குடும்பங்கள் எத்தனையோ. இட்லி முங்கி மறையும்வரை சாம்பாரை ஊற்றுவது அங்கே வழக்கம். அந்தக் கடையைத் தொடங்கியவர்கள் வடக்கே மதுராவைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் என்பதை மெட்ராஸ்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

திரைக்குள் உட்கார்ந்த பிறகு நடந்ததற்கு ஒரு சடங்கின் ஒழுங்கு இருந்தது. "சூடா என்ன இருக்கு?" என்று அப்பா கேட்பார். எல்லாமே சூடுதான் என்று சப்ளையர் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்: "இட்லி, வடை, பொங்கல், பூரி, சாதா, மசால், நெய் ரோஸ்ட், ரவா, ஆனியன் ரவா..." பிள்ளைகள் ஆனியன் ரவா என்று கை தூக்கினால், "லேட்டாகும் சார்" என்று பதில் வரும். ஆளுக்கு ஒரு ஸ்வீட், ஒரு காரம், ஒரு காப்பி என்பது எழுதாத சட்டம். மாதக் கடைசி என்றால் ஸ்வீட் கழன்றுவிடும், இரண்டு காப்பியை மூன்று டம்ளரில் பகிர்ந்துகொள்வார்கள். விலையைப் பார்த்ததும் அம்மா தவறாமல் சொல்வது: "இந்தக் காசுக்கு வீட்டுல ஒரு வாரத்துக்கு மாவு அரைச்சிடலாமே." அவர் அன்று மாவு அரைக்கவில்லை என்பதுதான் அந்த மாலையின் பொருள் என்பது அவருக்கும் தெரியும். எதையும் எழுதிக்கொள்ளாமல் நான்கு மேசைக் கணக்கையும் தலையில் வைத்திருந்த சப்ளையர் நகரத்தின் நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தார் என்பதற்கு, 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படமே சாட்சி. நாகேஷின் கையில் அடுக்கிய காப்பி டம்ளர்களை மறந்தவர்கள் குறைவு.

அசைவத்தின் பாதை வேறு. மவுண்ட் ரோட்டில் 1951இல் ஏ. எம். புஹாரி தொடங்கிய ஓட்டலில் யாரும் யாருடைய சாதியையும் கேட்கவில்லை. டீ, பிரியாணி, பாட்டுப் பெட்டி என்று அது தனி உலகம். 1965இல் அங்கே பிறந்ததால்தான் சிக்கன் 65 என்று பெயர் என்பது அந்த ஓட்டல் சொல்கிற கதை. பெயருக்கு வேறு நாலைந்து விளக்கங்களும் ஊரில் உலவுகின்றன. பக்கத்தில் சினிமா தியேட்டர்கள் பெருகின. சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே வளாகத்தில் மூன்று திரைகள் 1960களில் வந்தன. படம், அதற்குப் பிறகு ஓட்டல் என்ற ஜோடி உறுதியானது. ஆனாலும் நகரத்தின் சாதாரண 'மிலிட்டரி ஓட்டல்'கள் நெடுங்காலம் ஆண்களின் இடமாகவே இருந்தன. மதுரைப் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்கள் தமிழ்நாடெங்கும் பரப்பிய முனியாண்டி விலாஸ்களிலும் லாரி ஓட்டுநரும் வியாபாரியும்தான் பிரதான வாடிக்கை. ஞாயிற்றுக்கிழமை கறி என்றால் அது வீட்டு அடுப்பில் வேக வேண்டியது. ராயப்பேட்டையில் 1954இல் தொடங்கிய பொன்னுசாமியும் 1964இல் தொடங்கிய அஞ்சப்பரும் அந்த வழக்கத்தை மெல்ல உடைத்தன. பிறகு 'செட்டிநாடு' என்ற சொல் பலகையில் ஏறியது. மிலிட்டரி ஓட்டலுக்குப் போகாத குடும்பம் செட்டிநாடு ரெஸ்டாரண்டுக்குப் போனது. குழம்பு ஏறக்குறைய அதேதான்.

திரைச்சீலைக்கு மாற்றாக மெட்ராஸ் கண்டுபிடித்த மிக அழகான ஏற்பாடு, வுட்லண்ட்ஸ் டிரைவ்-இன். 1962இல், கதீட்ரல் சாலையில், தோட்டக்கலைச் சங்கத்தின் மர நிழலில் கிருஷ்ணராவ் அதைத் திறந்தார். காரை மரத்தடியில் நிறுத்தினால் போதும். சப்ளையர் வந்து கண்ணாடியை இறக்கச் சொல்லி, கதவில் ஒரு தட்டை மாட்டுவார். தட்டில் தோசையும் சட்னியும் வந்து உட்காரும். அம்பாசிடரும் ஃபியட்டும் சக்கரம் வைத்த ஃபேமிலி ரூம்களாயின. பின் சீட்டில் பாட்டி இட்லி சாப்பிட, முன் சீட்டில் தாத்தா காப்பியை ஆற்ற, நடுவில் பிள்ளைகள் சாம்பாரைச் சீட்டில் கொட்டித் திட்டு வாங்கினார்கள். வெளியில் போயும் வீட்டை விட்டு இறங்காத இந்த வசதி, கூச்சம் தெளியாத குடும்பங்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

கார் இல்லாதவர்களுக்கும் உள்ளே மேசைகள் இருந்தன. ஒரு காப்பியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கதை பேசிய சினிமா உதவி இயக்குநர்கள், பையை மேசை மேல் வைத்து அன்றைய கணக்கை முடித்த மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், வகுப்பைக் கட் அடித்த மாணவர்கள் எல்லோருக்கும் அது பொது முற்றம். அவர்களை யாரும் எழுப்பி விடவில்லை. நிலம் அரசுடையது. நீண்ட வழக்குக்குப் பிறகு 2008இல் டிரைவ்-இன் மூடப்பட்டது. அதே இடத்தில் 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறந்தது. பூங்கா நல்ல பூங்காதான். ஆனால் ஒரு நகரம் தன் பழைய முற்றங்களில் ஒன்றை இவ்வளவு லேசாக விட்டுக்கொடுத்திருக்க வேண்டாம்.

1970களிலும் 80களிலும் நகரம் தெற்கிலும் மேற்கிலும் வீங்கியது. அண்ணா நகர், அசோக் நகர், கே.கே. நகர் என்று வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள் எழுந்தன. சாப்பிட மவுண்ட் ரோடு வரை போக வேண்டியிருந்த குடும்பத்தின் தெருமுனைக்கே ஓட்டல் வந்தது. 1981இல் கே.கே. நகரில் பி. ராஜகோபால் தொடங்கிய சரவண பவன் இதன் பெரிய எடுத்துக்காட்டு. துடைத்த மேசை, பளிச்சென்ற வெளிச்சம், எந்தக் கிளையில் சாப்பிட்டாலும் ஒரே ருசி. சாம்பாரில் மிதக்கும் 14 குட்டி இட்லிகள் குழந்தைகளுக்கென்றே கண்டுபிடித்தவை போல இருந்தன. நிறுவனர் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று 2019இல் இறந்தார். வழக்கு நடந்த ஆண்டுகளில் குடும்பங்கள் அதைப் பற்றிக் குட்டி இட்லிக்கு முன்னால் உட்கார்ந்துதான் பேசின.

இந்தத் தலைமுறை ஓட்டல்களில் திரைச்சீலை கழன்றது. அதன் இடத்தில் கண்ணாடிக் கதவு வந்தது. 'ஏ.சி. ஹால்' என்பது குளிரைவிடப் பிரிவினையைத்தான் அதிகம் விற்றது. அதே தோசை, அதே சட்னி, மாடியில் நாலு படி ஏறினால் விலை கூடுதல். கீழே அவசரக்காரர்களும் தனியாட்களும், மேலே குடும்பம். சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலையில் வந்தபோது அரசாங்கமே இந்தக் கண்ணாடிக் கதவை அங்கீகரித்தது: ஏ.சி. இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம், ஏ.சி. ஓட்டலுக்கு 18. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் இரண்டு காப்பிக் காசு. கூச்சல் எழுந்து, நவம்பர் 15 முதல் இரண்டுக்கும் 5 சதவீதம் என்று ஆனது.

பிள்ளைகள் முடிவெடுக்கத் தொடங்கிய காலம் 1990கள். 1996இல் சென்னையில் பீட்ஸா கார்னர் திறந்தது. அப்பா அம்மாவுக்கு மெனு கார்டைப் படித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு முதல் முறையாகப் பத்து வயதுப் பெண்ணிடம் வந்தது. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாத தாத்தா, பீட்ஸாவைக் கையால் எடுக்கலாம் என்று தெரிந்ததும் நிம்மதி அடைந்தார். 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013இல் வேளச்சேரி ஃபீனிக்ஸ் என்று மால்கள் வந்தபோது, ஒரே மேசையில் ஒருவருக்குத் தோசை, ஒருவருக்கு நூடுல்ஸ், ஒருவருக்கு பர்கர் என்ற புது ஏற்பாடு பிறந்தது. அண்மைக்கால பக்கெட் பிரியாணி இதற்கு நேர் எதிர்: எல்லோரும் ஒரே வாளியிலிருந்து.

நகரத்தின் விளிம்பும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிப்பதாக 2022இல் அரசு அறிவித்தது. ஞாயிற்றுக்கிழமைக் குடும்பம் அதற்கு முன்பே அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. வண்டலூர், மாமல்லபுரம், செங்கல்பட்டு என்று ஜி.எஸ்.டி. சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் போய், பித்தளை டபராவில் 'கும்பகோணம் டிகிரி காப்பி' குடித்துவிட்டு வருவதே ஒரு உல்லாசப் பயணமானது. அந்தக் கடைகளுக்கும் கும்பகோணத்துக்கும் பெரும்பாலும் பலகையைத் தவிரத் தொடர்பு கிடையாது. கூட்டம் அதிகமானால் காரிலேயே உட்கார்ந்து டபராவைக் கையில் வாங்கிக்கொள்கிறார்கள். கதவில் மாட்டத் தட்டு மட்டும் இல்லை.

2020 மார்ச் ஊரடங்கில் மேசைகள் கவிழ்த்து வைக்கப்பட்டன, பார்சல் மட்டும் என்றானது. அப்போது வீட்டுக்குள் வந்த டெலிவரிப் பைகள் திரும்பிப் போகவில்லை. ஆனாலும் ஊரடங்கு தளர்ந்ததும் குடும்பங்கள் மறுபடி ஓட்டல் வாசல்களில் பெயர் கொடுத்து நின்றன. பார்சலில் பிரியாணி வரும். நெய் ரோஸ்ட்டின் மொறுமொறுப்பு வராது.

தி.நகரிலும் புரசைவாக்கத்திலும் சில மாடிப்படிகளின் அருகில் 'ஏ.சி. ஃபேமிலி ஹால்' என்ற பலகையை இப்போதும் பார்க்கலாம். ஏறிப் போனால் ஒரு செல்போனைப் பகிர்ந்துகொண்டு இரண்டு கல்லூரி மாணவிகள், ஜன்னலோரத்தில் தனியாக ஒரு பெரியவர், அலுவலகப் பட்டாளம் ஒன்று, துணிக்கடைப் பைகளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நிற்கும் ஒரு குடும்பம். யாருக்கு யார் உறவு என்று சப்ளையர் கேட்பதில்லை. ஆனியன் ரவா கேட்டால் மட்டும் பழைய பதில்தான் வருகிறது: லேட்டாகும் சார்.